ஆகாசத்துக்குத் தோல் கொடுத்தது யார்?

மார்கழி மாசத்து சபா கச்சேரிகளைப் பற்றி எழுதும் ஆங்கில விமர்சகர்களிடம் ஒரு சொல் புழங்குகிறது. ஈத்தீரியல். பாடகியின் குரல் ஈத்தீரியல், வீணையின் கமகம் ஈத்தீரியல், கடைசியில் பாடிய விருத்தம் ஈத்தீரியல். தமிழில் எழுதுகிறவர்கள் இதையே ‘தெய்வீகம்’ என்பார்கள், ‘கந்தர்வ கானம்’ என்பார்கள், ‘நம்மை வேறு உலகத்துக்கே அழைத்துச் சென்றுவிட்டார்’ என்பார்கள். இதே பேனா கானாவைப் பற்றியோ பறையைப் பற்றியோ எழுத நேர்ந்தால் வேறு டப்பாவைத் திறக்கிறது. ‘மண் வாசனை’, ‘அசல்’, ‘முரட்டு’, ‘அதிரடி’, ‘வெறியேற்றும்’. இரண்டுமே பாராட்டுதானே, இதில் என்ன வந்தது என்று கேட்பார்கள். ஒரு பாராட்டு ஆளை மேலே தூக்கி உட்காரவைக்கிறது. இன்னொரு பாராட்டு, உட்கார்ந்த இடத்திலேயே அழுத்திப் பிடிக்கிறது. வானத்தை அவர்களுக்கும் மண்ணை நமக்கும் பாகம் பிரித்துக் கொடுத்தது யார்? எந்தப் பத்திரத்தில் எழுதியிருக்கிறது?

“சோத்துக்கே ததிகிணத்தோம் போடுறோம், ஒரு சொல்லுக்காவா சண்டை?” என்று நம்மாட்களே கேட்பார்கள். ‘தீண்டத்தகாத’ என்பதும் ஒரு சொல்தான். இலக்கணக்காரர்கள் அதை எச்சம் என்று பிரிப்பார்கள், எப்படிப் பிரித்தாலும் அது செய்யும் வேலை பெயரடையின் வேலை. பெயருக்கு முன்னால் வந்து நிற்கும் ஒற்றைச் சொல் ஒரு சனத்தையே ஊருக்கு வெளியே நிறுத்திய நாடு இது. ஆகவே பெயரடைகளைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அவற்றின் கீழே வாழ்ந்து பழகியவர்கள் நாம்.

ஈத்தீரியல் என்ற பெயரடை ஈதரிலிருந்து வந்தது. ஈதர் கிரேக்கச் சொல். அதன் வேருக்கு எரிதல், கொழுந்துவிடுதல் என்று பொருள். மனிதர்கள் மூச்சு வாங்கும் கீழ்க்காற்றுக்குக் கிரேக்கர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். அதற்கும் மேலே, தேவர்கள் இருப்பதாகச் சொல்லப்பட்ட சுடரும் வெளிக்கு ஈதர் என்று பெயர் வைத்தார்கள். அரிஸ்டாட்டில் இதை ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். மண், நீர், தீ, காற்று நான்கும் பிறந்து மாறி அழியும் கீழுலகத்துக்கு. வானம் மட்டும் மாறாத, அழியாத ஐந்தாவது பொருளால் ஆனது. கீழே கலப்பும் அழிவும், மேலே சுத்தமும் நிரந்தரமும். நால்வகைக்கு மேல் ஒன்றை வைத்து அதைக் கறைபடாதது என்று அறிவிக்கிற இந்த ஏற்பாடு நமக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? இருக்கும். அங்கே ஐந்தாவது பூதத்தை உச்சியில் வைத்தார்கள். இங்கே ஐந்தாவது சாதியைப் பஞ்சமர் என்று பெயரிட்டு வாசலுக்கு வெளியே வைத்தார்கள். எண்ணிக்கை ஒன்றுதான், ஏணிதான் தலைகீழ்.

அங்கிருந்துதான் இந்தப் பெயரடையின் பொருள்கள் வருகின்றன. வானுலகத்துக்குரிய, இவ்வுலகத்தைச் சேராத, மிக மெல்லிய, உடலின் கனம் இல்லாத. நான்கையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். கனம் இல்லாதது உயர்ந்தது, உடம்பு இல்லாதது சுத்தமானது என்ற ஒரு தீர்ப்பு அந்தச் சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறது. அழகாயிருக்கிறது என்று மட்டும் சொல்ல நினைக்கிறவன்கூட, இந்தச் சொல்லை எடுத்த மாத்திரத்தில் அந்தத் தீர்ப்பையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான்.

விஞ்ஞானம் இந்த ஈதரை என்ன செய்தது? ஒளி அலையாகப் பரவ ஏதோ ஒரு ஊடகம் வேண்டும், அண்டம் முழுக்க ஈதர் நிரம்பியிருக்கிறது என்று 19-ம் நூற்றாண்டு நம்பியது. 1887-ல் மைக்கேல்சனும் மார்லியும் பூமி அந்த ஈதருக்குள் ஓடும் வேகத்தை அளக்கப் போனார்கள். எதிர்பார்த்த அடையாளம் எதுவும் கிடைக்கவில்லை. 1905-ல் ஐன்ஸ்டீன் அப்படி ஒரு பொருளே நமக்குத் தேவையில்லை என்று தன் கட்டுரையில் எழுதி முடித்தார். பொருள் செத்துப்போய் 100 வருஷத்துக்கு மேல் ஆகிறது. பெயரடை மட்டும் சவத்தை விட்டுக் கிளம்பிய ஆவி மாதிரி சபா வாசலில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இன்னொரு ஈதர் உண்டு. அது செத்ததில்லை, ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தது. சாராயத்தையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சி இறக்கும் திரவம். வெளியே வைத்தால் ஆவியாகி மறைந்துவிடும் என்பதால் 18-ம் நூற்றாண்டில் அதற்கு வானத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள். 1846 அக்டோபர் 16-ம் தேதி பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் மார்ட்டன் என்ற பல் வைத்தியர் அதை ஒரு நோயாளிக்கு முகரக் கொடுக்க, வலியில்லாமல் கத்தி வைத்தார்கள். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் பல பத்தாண்டுகள் மயக்கம் கொடுத்தது ஈதர்தான். ஆக ஈத்தீரியல் என்றால் வேதியியல்காரருக்கு ‘ஈதரைச் சேர்ந்த’ என்று மட்டும்தான் அர்த்தம். இந்த ஈதரின் குணம் என்ன தெரியுமா? 35 டிகிரிக்குள் கொதித்துவிடும். சித்திரை மாசத்து பெரம்பூர் வெயில் போதும், அடுப்பே வேண்டாம். சட்டென்று தீப்பிடிக்கும். அதன் ஆவி காற்றைவிட இரண்டரை மடங்கு கனம். மேலே போகாது. தரையில் படிந்து, தவழ்ந்து, பள்ளத்தைத் தேடிப் போகும். வானத்தின் பெயரைச் சுமக்கும் பொருள் உண்மையில் பள்ளத்துக்குச் சொந்தக்காரன். சேரி எப்போதும் பள்ளத்தில்தான் இருந்திருக்கிறது.

பள்ளத்தைத் தேடும் இன்னொரு ஆவியும் உண்டு. சாக்கடைக் குழிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அதுவும் காற்றைவிடக் கனமானது, அதுவும் அடியில்தான் தங்கும். 2013-ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 2014-ல் குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2023-ல் 30 லட்சம் என்றது. தொகை ஏறுகிறது, குழிக்குள் இறங்குகிற சாதி மாறவில்லை. கண்ணுக்குத் தெரியாத, கையில் பிடிக்க முடியாத, காற்றைப் போன்ற என்று அகராதி அடுக்குகிற அத்தனை அர்த்தத்தையும் தன் நுரையீரலில் வாங்கியவன் அவன். அவனைப் பற்றி எழுதும்போது எந்த நிருபருக்கும் ஈத்தீரியல் என்ற சொல் ஞாபகம் வருவதில்லை.

கிரேக்கத்தோடு இது முடிந்திருந்தால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். நம்மூர்ச் சரக்கு இன்னும் கெட்டி. இங்கே ஐந்தாம் பூதத்துக்குப் பெயர் ஆகாயம். வைசேஷிகம் அதற்குக் கொடுத்த தனிக்குணம் ஒன்றே ஒன்று, சப்தம். ஓசை இருப்பதால்தான் ஆகாயம் இருப்பதாகவே அவர்கள் ஊகித்தார்கள். மண், நீர், தீ, காற்று நான்கையும் தொட்டு அறியலாம். ஆகாயத்துக்கு ஸ்பரிசம் கிடையாது. தொட முடியாது. நல்லா கவனியுங்க: சாஸ்திரத்தின் கணக்குப்படியே ஆகாயம் தீண்டப்பட முடியாத பூதம். உச்சியில் இருப்பதற்கு அந்தக் குணம் இருந்தால் அது மகிமை. சேரியில் பிறந்தவனுக்கு அதையே ஏற்றிச் சொன்னால் அது தீட்டு. தொடுதலைப் பற்றிய இந்த இரட்டைக் கணக்கை கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012-ல் வெளிவந்த ‘தி கிராக்டு மிரர்’ நூலில் தத்துவ விவாதமாகவே நடத்தியிருக்கிறார்கள். நம் பாட்டிமாருக்குத் தத்துவம் தெரியாது. எட்ட நின்று கையேந்தித் தண்ணி வாங்கிக் குடிச்ச கணக்கு மட்டும் தெரியும்.

அவர்களுடைய சாஸ்திரத்தையே பிடித்துக்கொண்டு கேட்போம். ஓசை எல்லாம் ஆகாயத்தின் குணம் என்றால், பறையின் ஓசை எந்த பூதத்தின் குணம்? சாவு வீட்டில் பானையைத் தட்டிப் பாடுகிறவனின் ஓசை எங்கே போய்ச் சேருகிறது? ஆகாயம் ஒன்றுதான், பிரிவு இல்லாதது, எங்கும் நிறைந்தது என்று எழுதியவர்களும் அவர்கள்தான். மயிலாப்பூருக்கு ஒரு ஆகாயம், பெரம்பூருக்கு ஒரு ஆகாயம் என்று எந்தச் சூத்திரத்திலும் இல்லை. தத்துவத்தின்படி பார்த்தால் ஓசை எழுப்புகிற ஒவ்வொருவனும் ஈத்தீரியல்தான்.

தத்துவத்தில் கொடுத்ததைச் சட்டத்தில் பிடுங்கினார்கள். காது என்பது காதுத் துளைக்குள் அடைபட்ட ஆகாயம் என்கிறது நியாய வைசேஷிகம். அந்த ஆகாயத்துக்குள் என்ன ஊற்ற வேண்டும் என்பதை கௌதம தர்ம சூத்திரம் சொல்கிறது. வேதத்தைக் காது கொடுத்துக் கேட்ட சூத்திரனின் காதில் ஈயமும் அரக்கும் உருக்கி ஊற்று என்கிறது. பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதிய சங்கரரும் இதை எடுத்துக் காட்டுகிறார். சூத்திரனுக்கே இந்தக் கதி என்றால் அவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவனைப் பற்றி விளக்கவா வேண்டும்? ஆகாயம் பொதுவாக இருந்திருக்கிறது. அதைக் கேட்கும் காதுதான் சாதிவாரியாக அடைக்கப்பட்டிருக்கிறது.

இந்த ஐந்தாம் பூதத்தை இந்த மண்ணில் எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்க வேண்டாம். லோகாயதர்கள் நான்குதான் என்றார்கள். கண்ணுக்கும் கைக்கும் சிக்காததை ஏன் நம்ப வேண்டும் என்று கேட்டார்கள். பௌத்தமும் மகாபூதம் நான்கு என்றுதான் எண்ணியது. தேரவாத அபிதம்மத்தில் ஆகாசம் என்பது பொருளுக்கும் பொருளுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி, அவ்வளவுதான். அதற்குத் தனி மகத்துவம் இல்லை. சென்னையில் இந்த மரபை மீட்டுப் பேசியவர்களில் ஒருவர் பி. லட்சுமி நரசு. 1907-ல் ‘பௌத்தத்தின் சாரம்’ பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். கல்லூரியில் விஞ்ஞானம் போதித்தவர். அந்த நூலின் 1948-ம் வருஷப் பதிப்புக்கு அம்பேத்கர் முன்னுரை எழுதினார். அதே 1907-ல்தான் அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கி, ஒவ்வொரு சொல்லாகப் பிடித்து இது யாருடைய சொல், யார் திருடியது, யார் திரித்தது என்று விசாரணை நடத்தினார். சொல்லை விசாரிப்பது நம் வேலை என்று அப்போதே தீர்ந்துபோன விஷயம். நான் புதுசாக எதையும் தொடங்கவில்லை.

ஆகாயத்தில் எழும் குரலுக்குத் தமிழில் அசரீரி என்று பெயர். சரீரம் இல்லாதது. ஆகாசவாணி என்பதும் அதுதான். 2023 மே மாதம் பிரசார் பாரதி, ‘ஆல் இந்தியா ரேடியோ’ என்ற பெயரை விட்டுவிட்டு இனி ‘ஆகாசவாணி’ என்றே சொல்ல வேண்டும் என்று உத்தரவு போட்டது. தமிழ்நாட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. வானொலி என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கும்போது சமஸ்கிருதம் எதற்கு என்றார்கள். நியாயமான கேள்வி, நாமும் சேர்ந்து கேட்க வேண்டியதுதான். ஆனால் அது பாதிக் கேள்வி. ஆகாசம் என்றாலும் வான் என்றாலும், அதில் ஏறி ஒலிக்கும் குரல் யாருடையது என்ற மீதிப் பாதியை அந்தச் சண்டையில் யாரும் கேட்கவில்லை. வடமொழியை அகற்றித் தமிழை வைத்தால் ஆகாயம் தன்னால் பொதுவாகிவிடும் என்று நம்பியவர்கள் இங்கே முன்பும் இருந்தார்கள். 1940-களில் தமிழிசை இயக்கம் மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு இடம் கேட்டது. வாங்கியும் கொடுத்தது. நாம் கேட்பது அந்தத் தமிழ்ப் பாட்டுக்குப் பின்னால் முட்டு கொடுத்து நிற்கும் உடம்பைப் பற்றி.

அந்த உடம்புக்கு ஒரு பெயர் உண்டு. நந்தன்.

12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் திருநாளைப்போவார் கதையைச் சொல்கிறார். ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்தவர் நந்தன். அவர் செய்த தொண்டு என்ன? கோயில் முரசுகளுக்குத் தோல் கொடுத்தார், இழுத்துக் கட்டும் வார் கொடுத்தார், யாழுக்கும் வீணைக்கும் நரம்பு கொடுத்தார், பூசைக்குக் கோரோசனை கொடுத்தார். அதாவது கோயிலுக்குள் எழுந்த நாதம் முழுக்க அவர் கை வழியாகப் போனது. அவர் மட்டும் வாசலுக்கு வெளியே நின்றார். தோல் உள்ளே போகலாம், தோல் உரித்தவன் போகக்கூடாது. தோலிலிருந்து எழுந்த ஓசை கர்ப்பக்கிருகம் வரைக்கும் போகலாம்.

கடைசியில் நந்தன் எப்படி உள்ளே போனார்? தில்லையில் தெற்கு வாசலுக்கு வெளியே நெருப்பு மூட்டி, அதற்குள் இறங்கச் சொன்னார்கள். இறங்கினார். பூணூலும் சிகையுமாக ஒரு முனிவர் வெளியே வந்தார் என்கிறது புராணம். அந்த முனிவரும் உள்ளே போனார், அப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை என்கிறது. ஈதர் என்ற சொல்லின் வேர் எரிதல் என்று மேலே சொன்னேனே, ஞாபகம் இருக்கட்டும். ஈத்தீரியல் என்பதன் எல்லா அர்த்தமும் இங்கே வரிசையில் வந்துவிட்டன. எரிந்தார், உடம்பு போனது, கனம் போனது, வாசனை போனது, சோதியில் கலந்தார், கண்ணுக்குத் தெரியாமல் போனார். ஒரு பறையனுக்கு இந்தப் பெயரடை கிடைத்ததற்கு நம் இலக்கியத்தில் இருக்கும் பெரிய சாட்சி இது. அதற்கு அவர் கொடுத்த விலை தன் உடம்பு.

கதை அதோடு நிற்கவில்லை. 1860-களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரின் ‘நந்தனார் சரித்திரக் கீர்த்தனை’ அச்சேறியது. சேக்கிழாரிடம் இல்லாத ஒரு பார்ப்பனப் பண்ணையாரை அவர் கதைக்குள் கொண்டுவந்தார். அடிமை லீவு கேட்டு நிற்கும் வேதனை அதனால் கதைக்குள் வந்தது. அதற்கு அவரைப் பாராட்டலாம். பிறகு அது கதாகாலட்சேபமாகியது. 1935-ல் கே.பி. சுந்தராம்பாளும் 1942-ல் தண்டபாணி தேசிகரும் நந்தனாக நடித்துப் பாடினார்கள். அந்தக் கீர்த்தனைகள் கச்சேரி மேடைக்கும் ஏறின. உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்கிறவனின் பாட்டை, வாசலுக்கு உள்ளேயே பிறந்தவர்கள் பாடுகிறார்கள், உள்ளேயே பிறந்தவர்கள் கண்ணை மூடிக் கேட்கிறார்கள். மறுநாள் பத்திரிகையில் என்ன வரும் என்று இப்போது சொல்லுங்கள். நம்முடைய விண்ணப்பம் அவர்களுக்கு ராகம். நம்முடைய எரிதல் அவர்களுக்கு உருக்கம்.

இதெல்லாம் பழைய புராணம், இப்போ யார் பார்க்கிறார்கள் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த மேடையில் இப்போதும் நந்தன் கொடுத்த தோல்தான் பேசிக்கொண்டிருக்கிறது. மிருதங்கத்துக்கு மூன்று தோல் வேண்டும். ஆடு, மாடு, எருமை. பலா மரத்தைக் குடைந்த கட்டையில் வார் இழுத்துக் கட்டி, வலந்தலையில் சோறும் கல்பொடியும் குழைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கரணை போட வேண்டும். தோலைத் தேர்ந்தெடுக்கிற கண்ணும், சுருதி ஏறியதா என்று தட்டிப் பார்க்கிற காதும் அந்தத் தொழிலாளியுடையது. மாட்டுக்கறி தின்பவன் வாசற்படி மிதிக்கக் கூடாது என்கிற வீடுகளில் பூஜை அறைப் பக்கத்திலேயே மாட்டுத்தோல் உறை போட்டு உட்கார்ந்திருக்கிறது. டி.எம். கிருஷ்ணா 2020-ல் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்று மிருதங்கம் செய்பவர்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள் என்பதையும், பசுவின் தோல் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறைக்காமல் எழுதினார். வெளியீட்டு விழாவுக்கு இடம் தருவதாக ஒப்புக்கொண்டிருந்த கலாக்ஷேத்ரா, விஷயம் வெளியே வந்ததும் பின்வாங்கிவிட்டது. பிப்ரவரி 2-ம் தேதி தரமணியில் ஆசிய இதழியல் கல்லூரியில் விழா நடந்தது. பல பத்தாண்டுகளாகத் தோலை உள்ளே விட்டவர்களுக்கு, தோலைப் பற்றிய புத்தகத்தை உள்ளே விட முடியவில்லை. வாத்தியம் ஈத்தீரியல், அது எப்படிச் செய்யப்பட்டது என்ற பேச்சு மட்டும் தீட்டு. இந்தப் பெயரடையின் வேலையே இதுதான். ஆஸ்பத்திரி ஈதர் மாதிரி மூக்கில் பிடித்தால் போதும், கேட்கிறவனுக்குத் தோலின் வாசனை தெரியாது, கரணை தேய்த்த விரலின் காய்ப்பு தெரியாது.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் வரைக்கும் 29சி பஸ் ஓடியிருக்கிறது. பெயரடைகள் அந்த பஸ்ஸில் ஏறி இந்தப் பக்கம் வந்ததில்லை. இங்கே எரிவதற்குப் பஞ்சமே இல்லை. 1856-லிருந்து லோக்கோ ஒர்க்ஸில் உலை எரிந்தது. பி அண்ட் சி மில்லில் பாய்லர் எரிந்தது. 1921-ல் அந்த மில் வேலைநிறுத்தம் சாதிக் கலவரமாகத் திரும்பியபோது பக்கத்துப் புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. 1955-ல் ஐ.சி.எஃப். வந்தது, வெல்டிங் பொறி பறந்தது. இந்தச் சத்தத்துக்கும் சூட்டுக்கும் நடுவில் நம்ம சனம் பாடியதுதான் கானா. சாவு விழுந்த வீட்டு வாசலில் பந்தல் போட்டு, விடிய விடிய பாடுவார்கள். சட்டி, பானை, டேப், டோலக் எது கிடைக்குதோ அது.

வடசென்னையில் பிணத்தை ‘பாடி’ என்போம். “பாடி எப்போ எடுக்குறாங்க?” என்று கேட்போம். பாடு என்ற சொல்லிலும் பாடி வருகிறது. பாடி எடுக்கிற வரைக்கும் பாடிக்கொண்டிருப்பது நம்ம பழக்கம். அவர்களுடைய உன்னத இசை அசரீரியாக வேண்டும் என்று ஏங்குகிறது. சரீரத்தை நடுவீட்டில் கிடத்திவைத்து, அதன் தலைமாட்டில் உட்கார்ந்து, இந்த ஆள் எப்படி மூட்டை தூக்கினான், எப்படிக் குடித்தான், யாரைக் காதலித்தான், பொண்டாட்டி எத்தனை தடவை துடைப்பக்கட்டை எடுத்தாள் என்று பெயர் சொல்லிப் பாடுவது கானா. செத்தவனை வானத்துக்கு அனுப்பிவைக்கிற அவசரம் அதற்கு இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் இங்கேயே இருடா என்று பிடித்துவைக்கும். அழுதுகொண்டிருக்கும் அம்மா நடுவில் ஒரு வரியைக் கேட்டுச் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்கு என்ன பெயரடை வைப்பீர்கள்?

2018 ஜனவரி 6-ம் தேதி கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதல் மேடை ஏறியது. ராயபுரத்து இசைவாணியை 2020-ல் பி.பி.சி. உலகத்தின் 100 பெண்களில் ஒருவராகப் பட்டியலிட்டது. அதே 2020 டிசம்பரில் நீலம் பண்பாட்டு மையம் ‘மார்கழியில் மக்களிசை’யைத் தொடங்கியது. மார்கழி ஒருத்தருக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து கிடையாது என்று நம் பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். மனசு நிறைந்துபோகிறது. அதே சமயம் நம்மிடையே ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. கானாவும் தெய்வீகம்தான், பறையும் பிரபஞ்ச நாதம்தான், அதையும் ஈத்தீரியல் என்று எழுதட்டும், அப்போதுதான் சமம் என்கிறார்கள். தோழர்களே, இந்த இடத்தில்தான் எனக்குச் சண்டை.

அந்தப் பெயரடை நமக்கும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நந்தனே சாட்சி. உடம்பைக் கழற்றி வைத்துவிட்டு வா என்பார்கள். நெருப்புக்குழி வெட்ட வேண்டியதில்லை. சவுண்டு சிஸ்டத்தில் கொஞ்சம் எதிரொலி சேர்த்து, சாவு வீட்டை எடுத்துவிட்டு, கறி, குடி, கெட்ட வார்த்தை, சாதியின் பெயர் எல்லாவற்றையும் கழுவிவிட்டு, பூணூல் போட்ட கானா ஒன்றை வெளியே கொண்டுவருவார்கள். அது உள்ளே போகும். அப்புறம் அதை யாரும் பார்க்க முடியாது. இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். யேசுதாசுக்குக் கானகந்தர்வன் என்று பட்டம். கந்தர்வன் என்றால் ஆகாயத்தில் திரிகிறவன். அவர் பாடிய பக்திப் பாட்டு ஒலிக்காத கோயில் வாசல் குறைவு. அவர் கிறிஸ்தவர், குருவாயூர்க் கோயிலுக்குள் இந்து அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. குரல் ஒலிபெருக்கி வழியாக உள்ளே போகும், ஆள் வெளியே. ஆகாயத்தில் இருப்பவன் என்று பட்டம் கொடுப்பவர்கள் தரையில் கதவைத் திறந்துவிடுகிறார்கள் என்று நம்பாதீர்கள்.

‘மண் வாசனை’ என்ற அந்த இன்னொரு பெயரடையையும் நாம் வாங்கிக்கொள்ளத் தேவையில்லை. மண் நம்முடையதா? எந்தப் பட்டாவில் இருக்கிறது? நிலத்தைக் கொடுக்காமல் நிலத்தின் வாசனையை மட்டும் தாராளமாகக் கொடுக்கிற பெருந்தன்மை இது. வானமும் இல்லாமல் மண்ணும் இல்லாமல் வாசனையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்படியானால் இந்தச் சொல்லை என்ன செய்யலாம்? தடை போடச் சொல்லவில்லை. அழகைக் கண்டு வாய் அடைத்து நிற்கிறவன் ஏதோ ஒரு சொல்லைத் தேடுகிறான், அது மனுஷ இயல்பு. நான் கேட்பது ஒரு கணக்கு. கச்சேரி நோட்டீஸில் பாடுகிறவர் பெயர், வயலின்காரர் பெயர், மிருதங்கம் வாசிப்பவர் பெயர், தம்பூரா மீட்டுகிறவர் பெயர்கூடப் போடுகிறீர்கள். மிருதங்கத்தைச் செய்தவர் பெயரையும் போடுங்கள். அவரை முன்வரிசையில் உட்காரவையுங்கள். விமர்சனத்தில் ஈத்தீரியல் என்று எழுத ஆசைப்பட்டால், அதே பத்தியில் அந்தத் தோல் எந்தத் தெருவிலிருந்து வந்தது, யார் பதப்படுத்தினார், அவருக்கு எவ்வளவு கூலி கொடுத்தார்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதிய பிறகும் அந்தச் சொல் அங்கே நிற்க முடிந்தால் தாராளமாக நிற்கட்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடத்தில் இந்தச் சொல் வந்தால் மனப்பாடம் செய்யுங்கள், பரீட்சையில் மார்க் வாங்குங்கள். அர்த்தம் கேட்டால் ‘வானுலகத்துக்குரிய’ என்று எழுதுவதோடு நிறுத்த வேண்டாம். வேர் எரிதல் என்று எழுதுங்கள். எரியும் உலைக்கு முன்னால் நின்றவனும், சுடுகாட்டில் விடிய விடிய நெருப்பைக் கிளறிவிட்டு நின்றவனும் நம் வீட்டு ஆட்கள். கிரேக்கத்து வேரை வைத்து உரிமை கொண்டாடுவதென்றால் முதல் பாத்தியதை நமக்குத்தான். ஆனால் நந்தன் மாதிரி எரிந்து காணாமல் போவதற்கு நாம் தயாராக இல்லை. நமக்குத் தோல் இருக்கிறது, கனம் இருக்கிறது, வேர்வை நாற்றம் இருக்கிறது. இத்தனையோடும்தான் உள்ளே வருவோம். வாசலில் நிற்பவர் தள்ளி நிற்கட்டும்.